ஜூனில் சாரல், மே மாதம் சம்பளம் இல்லை

கல்லூரி திறக்கிற மாதமும் குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்குகிற மாதமும் தென்காசிப் பக்கத்தில் ஒன்றுதான். ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று முண்டியடித்துக்கொண்டு வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம் இந்தப் பக்கம் பொடிப்பொடியாகத் தூறும். வெயிலும் இருக்கும், தூறலும் இருக்கும், குடை பிடித்தாலும் பக்கவாட்டில் நனைக்கும். மற்ற ஊர்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர், ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி முதல் வாரத்தைத் தள்ளுவார். இங்கே ஜன்னலோரப் பிள்ளைகள் “நோட்டு நனையுது சார்” என்று பெஞ்சை இழுத்துப் போடுகிற சத்தத்தில்தான் முதல் பாடம் தொடங்கும்.

இந்தக் கட்டுரைக்காகத் தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்துக் கல்லூரிகளில் சேர்ந்து ஐந்தாறு வருடத்தைத் தாண்டாத ஆசிரியர்கள் சிலரிடம் பேசினோம். எல்லோரும் முதலில் சொன்ன வாக்கியம் ஒன்றே: “பேரு மட்டும் போட்டுறாதீங்க.” அப்படியொன்றும் ராணுவ ரகசியம் பேசவில்லை. நாலு பேர் சேர்ந்து சோறு தின்பதைப் பற்றியும், காலையில் அருவிக்குப் போவதைப் பற்றியும்தான் பேசினார்கள். ஆனால் வருடாவருடம் வேலையைப் புதுப்பித்துக்கொண்டு இருப்பவர்களுக்குப் பத்திரிகையில் பேர் வருவதே ஒரு வம்பு. ஆகவே தமிழ் மேடம், வரலாறு சார், கணக்கு சார் என்றே வைத்துக்கொள்வோம்.

சின்ன ஊர்கள் என்றாலும் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கியது, குற்றாலநாதர் கோயில் சார்பில். கோயில் காசில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி வைக்கலாம் என்று அன்றைக்கு யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். சுரண்டையில் காமராஜர் அரசு கலைக் கல்லூரி, ஆலங்குளத்தில் அரசு மகளிர் கல்லூரி, கோவிந்தப்பேரி மாதிரி கிராமத்தில்கூடப் பல்கலைக்கழகத்தின் பேரைத் தாங்கிய ‘மனோ’ கல்லூரி. இவற்றுக்கெல்லாம் தலைமை, திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் 1990-ல் உருவான மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

அந்தப் பேரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களுக்குத் தலைவர்கள் பேர் உண்டு, மகான்கள் பேர் உண்டு. வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிய ஒரு கல்லூரி ஆசிரியரின் பேரைத் தாங்கியிருப்பது இது. பெ. சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். கொஞ்ச காலம் திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்துவிட்டு, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். வேலைக்கு நடுவே எழுதிய நாடகம் ‘மனோன்மணீயம்’ 1891-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 36. அந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்த பகுதிதான் 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து. 42 வயதில் மறைந்துவிட்டார். இதைச் சொன்னதும் வரலாறு சார் சிரித்தார். “எனக்கு இப்ப 36 சார். நான் இன்னும் ஜி.எல்.”

ஜி.எல். என்றால் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்தின் விலை என்ன என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் வகுப்பு.

புது ஆசிரியருக்கு முதல் மாதத்தில் பெரிய வேலை, பேர் படிப்பது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் தென்காசி மாவட்டத்தின் சாமிகள் எல்லாம் வரிசையாக நிற்பார்கள். கோமதி என்றால் சங்கரன்கோவில் பக்கம். உலகம்மாள் என்றால் தென்காசி; காசி விசுவநாதர் கோயில் அம்மன் பேர் அது. இசக்கியம்மாளும் முப்பிடாதியும் எந்த ஊரிலிருந்தும் வருவார்கள், ஒரே வகுப்பில் மூன்று பேர் இருந்தால் இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். குற்றாலத்து அம்மன் குழல்வாய்மொழி. இவ்வளவு அழகான பேரைப் பிள்ளைகளுக்கு வைப்பது குறைந்துவிட்டது என்பது தமிழ் மேடத்துக்கு வருத்தம். “ஒரு வருஷம் ஒரு குழல்வாய்மொழி வந்தா. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப அவ பேரை மட்டும் முழுசா, நிறுத்திச் சொல்லுவேன். அவளுக்கு வெக்கம், எனக்குச் சந்தோஷம்.” கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வருகிற ஃபாத்திமாக்கள், பாவூர்சத்திரம் பக்கத்து ஜெபராணிகள் எல்லாம் சேர்ந்து அறுபது பேர். ஒருநாள் மேடம் பதிவேட்டைப் பார்க்காமலே அறுபது பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு முடித்தாராம். வகுப்பே கைதட்டியது. முனைவர் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட இப்படி யாரும் தட்டவில்லை என்கிறார்.

அந்த அறுபது பேரில் முதல் மணி நேரத்திலேயே தூங்கி விழுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். சேர்ந்த புதிதில் ஒரு மாணவியை எழுப்பி நிற்க வைத்தார் தமிழ் மேடம்.

“ராத்திரி எத்தனை மணிக்குட்டி படுத்தே?”

“ரெண்டு மணி மேடம்.”

“போன் பாத்தியா?”

“இல்ல மேடம். காலைல கடைக்குப் பீடி கொடுக்கணும்லா.”

ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் பீடித் தட்டு இருக்கும். இலையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, பதம் வந்ததும் அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். அம்மா சுற்றுவார், முனை மடக்குவதும் கட்டுப் போடுவதும் மகள் வேலை. மறுநாள் கல்லூரிக்கு வந்து நீட்டுகிற நோட்டில் புகையிலை வாசம் லேசாக அடிக்கும். “அதுக்கப்புறம் முதல் அவர்ல இலக்கணம் எடுக்கறதில்ல. கதை எடுப்பேன். தூங்குறவளும் பாதி கேப்பா” என்கிறார் மேடம். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு எதிலும் வராத முடிவு இது. ஆனாலும் பாடம் எந்த மணிக்கு எது என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் ஆசிரியர் கையில் இருப்பது பெரிய விஷயம். வேறு எந்த உத்தியோகத்தில் சேர்ந்த இரண்டாம் வருடமே இப்படி ஒன்றைத் தானாக மாற்றிக்கொள்ள முடியும்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். இந்த வட்டாரத்து ஆசிரியர் அறைகள் எல்லாம் ஒரே அச்சு. கதவு சரியாக மூடாத இரும்பு பீரோ, அதன் மேல் மூட்டையாகக் கட்டிய பழைய விடைத்தாள்கள், இரண்டு பேருக்கு ஒரு மேசை. பன்னிரண்டரை மணிக்கு மேசை மேல் இருந்த ஃபைல்கள் நாற்காலிக்கு இறங்கும், டப்பாக்கள் மேலே ஏறும். ஒருவர் டப்பாவில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். பக்கத்தில் கூட்டாஞ்சோறு. செங்கோட்டையிலிருந்து வருகிறவர் அவியலில் தேங்காயெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும், அதை வைத்தே அவரைக் ‘கேரளா’ என்று கேலி செய்வார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர் டப்பாவில் சொதி இருந்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு வாய்கூட மிஞ்சாது. ஜாடியோடு புளிமிளகாய் கொண்டுவந்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற ஒரு மூத்த பேராசிரியையும் ஒவ்வொரு துறையிலும் உண்டு. அந்தச் சாவி யாருக்குக் கிடைக்கிறதோ அவர் துறையில் காலூன்றிவிட்டார் என்று பொருள்.

வேறு நேரத்தில் இதே அறையில் யார் நிரந்தரம், யார் எய்டட், யார் செல்ஃப் ஃபைனான்ஸ், யார் ஜி.எல். என்று கோடு கிழித்த மாதிரி தெரியும். கையெழுத்துப் போடுகிற பதிவேடு வேறு. சம்பளம் வருகிற தேதி வேறு. கூட்டங்களில் உட்காருகிற வரிசைகூட வேறு. சாப்பாட்டு வேளையில் மட்டும் துறைத்தலைவர் கை நீட்டி ஜி.எல். டப்பாவிலிருந்து ஒரு கவளம் எடுப்பார், “ஒங்க வீட்ல உப்பு கம்மிப்பா” என்பார். கணக்கு சார் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். “அந்த அரை மணி நேரம் நான் கொலீக் சார். ஒரு மணிக்கு மறுபடி ஜி.எல்.”

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வருகிற வருடமானால் இந்த அரை மணி நேரமும் போய்விடும். ஏழு அளவுகோல்களுக்கும் ஃபைல் தயாரிக்க வேண்டும், கம்ப்யூட்டர் தெரிந்த இளம் ஆசிரியர் என்பதால் தட்டச்சு முழுவதும் அவர் தலையில். அதைப் பற்றி யாரும் ரசித்துப் பேசவில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

விடைத்தாள் திருத்தும் முகாம் அப்படியில்லை. வெவ்வேறு கல்லூரிக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து திருத்தும் நாட்கள் அவை. கூடப் படித்தவர்களைப் பார்க்கலாம், யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்ற சேதி தெரியும், டீ வேளையில் வேடிக்கையான பதில்கள் கை மாறும். வரலாறு சார் பத்திரமாக நினைவில் வைத்திருக்கிற பதில் ஒன்று: தென்காசிக் கோபுரத்தைப் பராக்கிரம பாண்டியன் 1990-ஆம் ஆண்டு கட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் கட்டிய கோபுரம் பின்னால் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலையோடு ஏறத்தாழ 180 அடிக்கு அதை மறுபடி எழுப்பிக் குடமுழுக்கு நடத்தியது 1990-ல். பாண்டியனும் சரி, 1990-ம் சரி. நடுவில் இருக்கிற ஐந்நூறு வருடம்தான் விட்டுப்போனது. “அரை மார்க் போட்டேன். மனசு கேக்கல” என்கிறார்.

அந்தக் கோபுர வாசல் சாயங்காலங்களில் இளம் ஆசிரியர்களின் இன்னொரு ஸ்டாஃப் ரூம். வாசலுக்குள் நுழையும்போது காற்று மார்பில் அடித்துத் தள்ளும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் முதுகில் கை வைத்த மாதிரி உள்ளே அனுப்பும். ஜூலை மாதத்தில் வேட்டி, சேலை, முடி எதுவும் சொன்னபடி கேட்காது. தனக்குப் பின்னால் இந்தக் கோயிலைக் காப்பாற்றப்போகிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான். ராஜா ஒருவன் முகம் தெரியாத ஆட்களின் காலில் விழுகிற இந்தக் கல்வெட்டைக் காட்டத்தான் வரலாறு சார் ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டு மாணவர்களை இங்கே கூட்டி வருகிறார். பரீட்சைக்கு வராத கேள்வி. மூன்றாமாண்டு முடித்துப் போகிற பையன்கள் விடைபெறும் நாளில் பேசுவது இதைப் பற்றித்தான்.

போக்குவரத்தைச் சொல்லாமல் ஆசிரியர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது மாணவிகளுக்கு எவ்வளவு உதவியோ அவ்வளவு உதவி தொகுப்பூதியம் வாங்கும் ஆசிரியைகளுக்கும். மாணவியும் ஆசிரியையும் ஒரே பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். “யம்மா, டீச்சருக்கு எடம் விடு” என்று நடத்துநர் குரல் கொடுப்பார். எழுந்து நின்ற பிள்ளையின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பதில் மரியாதை. வகுப்பில் வாய் திறக்காத பெண், பேருந்தில் பக்கத்தில் நின்றால் வீட்டுக் கதை அத்தனையும் சொல்லிவிடும். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற சேதியும், அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போய் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்பதும் இந்தப் பயணங்களில்தான் தெரியவரும்.

திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்குச் செங்கோட்டை பாசஞ்சர். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணி வயல்களின் ஓரமாகவே வந்து, கீழக்கடையம் தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிடும். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் கணக்கு சார் ரயிலைத்தான் பிடிக்கிறார். டிக்கெட் மலிவு என்பது ஒரு காரணம். மற்றது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை மனசுக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்துவிடலாம். “பாவூர்சத்திரம் வரப்ப ப்ரூஃப் முடிஞ்சிரணும். முடியலன்னா கிளாஸ்லயும் முடியாது.”

இனி குற்றாலம். உள்ளூர்க்காரர்கள் சீசன் நேரத்தில் சனி, ஞாயிறு குற்றாலத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வெளியூர் வண்டிகள் மேலகரத்திலிருந்தே வரிசை கட்டும். ஆசிரியர்கள் போவது வாரநாளில், கருக்கலில். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். பைக்கில் துண்டும் மாற்று உடுப்பும் வைத்துக்கொண்டு கிளம்பினால், பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிடலாம். பத்து மணி வகுப்பில் நிற்கும்போதும் உடம்பு கதகதவென்று இருக்கும். முதல் வரிசைப் பையன் கண்டுபிடித்துவிடுவான்: “சார் இன்னைக்கு அருவிக்குப் போயிருக்காரு டோய்.” பெண்களுக்குத் தனி வரிசை உண்டென்றாலும் மேடம் கருக்கலில் தனியாகப் போவதில்லை. துறையில் நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்து மதியம் மூன்று மணி வாக்கில் சிற்றருவிக்கோ ஐந்தருவிக்கோ போகிறார்கள். ஐந்தருவிப் பாதையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருக்கும் கடைகளில் பாதியில் அவர்களுடைய மாணவர்கள் நிற்பார்கள். சீசன் வேலை. விலை கேட்டால் பையன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ நிறுப்பான். காசு வாங்க மாட்டான். “வாங்கலன்னா இன்டர்னல்ல கைவைப்பேன்” என்று மிரட்டித்தான் கொடுக்க வேண்டும்.

அருவி எப்போதும் விளையாட்டுப் பொருளல்ல என்பதும் இவர்களுக்குத் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. கல்லூரி வயதை எட்டவிருந்த பிள்ளை. அதற்குப் பிறகு மாணவர்களைக் கூட்டமாக அருவிக்கு அழைத்துப்போவதென்றால் மேலே மலையில் மேகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எந்த ஆசிரியரும் கிளம்புவதில்லை.

குற்றாலத்தில் தண்ணீரைத் தவிர பாட்டும் வழிவழியாக விழுந்துகொண்டிருக்கிறது. மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடினார். கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பேர். பாட்டுக்கு நிலம் கொடுத்த ஊரில் பாட்டைப் பாடம் நடத்துகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று தமிழ் மேடம் கேட்டார். கேள்வி நியாயமானது. நம்மிடம் பதில் இல்லாததால் காபி சொன்னோம்.

அப்புறம் டி.கே.சி. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) சட்டம் படித்தவர், சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்தவர், அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தவர். எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்து பேர் வாங்கியவர் அல்லர். ஆனால் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த வகுப்பறைகளில் ஒன்று அவர் வீட்டில் நடந்தது. முதலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ‘வட்டத்தொட்டி’, பிறகு குற்றாலத்து வீடு. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, எதிரே இருப்பவர் முகத்தில் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிகிற வரை விடமாட்டாராம். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து உட்கார்ந்து கேட்டவர்கள். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனும் அந்தப் பழக்கத்தில் வந்தவர். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கி.ரா., பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராகப் போனார். நெட், செட், பிஎச்.டி. எதுவும் இல்லாமல்! இன்றைக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் முதல் பக்கத்திலேயே கணினி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

கவிஞர் கலாப்ரியா முன்னின்று நடத்திய குற்றாலம் கவிதைப் பட்டறைகளும் இந்த வழியில் வந்தவைதான். ரசித்ததை இன்னொருவருக்குக் கடத்துவது இந்த மலையடிவாரத்துக்குப் பழகின வேலை. இளம் ஆசிரியர்கள் அதையே மணியடித்ததும் தொடங்கி மணியடித்ததும் முடிக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இப்போது கௌரவத்தின் விலை. அரசுக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700 ரூபாய், படிகள் தனி. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 வரை கொடுக்கலாம் என்றது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நடப்பில் இருப்பது மாதம் 25,000. அதுவும் வருடத்துக்கு 11 மாதம். மே மாதம் விடுமுறை, ஆகவே சம்பளமும் விடுமுறை. பல தனியார் கல்லூரிகளில் இதைக் கேட்டால் “25,000 தர்றாங்களா?” என்று ஆச்சரியப்படுவார்கள். வகுப்பு, இன்டர்னல், தேர்வு மேற்பார்வை, நாக் ஃபைல் எல்லாம் நிரந்தரக்காரருக்கு உள்ளதே இவர்களுக்கும். ரசிக்கிற வேலை, மனசுக்குப் பிடித்த வேலை, குளிர்ந்த ஊர் என்பதையெல்லாம் சம்பளக் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. மேலே சொன்ன சந்தோஷங்கள் எல்லாம் ஆசிரியர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டவை. அவற்றைக் காட்டி யாரும் அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க உரிமை இல்லை.

மே மாதம் எப்படிக் கழிகிறது? கணக்கு சார் போட்டித் தேர்வு மையத்தில் வகுப்பெடுக்கிறார். வரலாறு சாருக்கு அண்ணன் கடை இருக்கிறது. மேடம் வீட்டில் ஏப்ரல் சம்பளத்தைப் பிரித்து இரண்டு உறையில் போட்டுவைப்பார்கள். பொருளாதாரம் ஒருபுறம் இருக்க, கல்யாணச் சந்தையில் படும் பாடு தனி. “பையன் காலேஜ்ல புரொபசர்” என்று தரகர் தொடங்கியதும் பெண் வீட்டார் முகம் மலரும். அடுத்த கேள்வி வந்துவிடும்: “பெர்மனன்ட்டா?” பதில் வருவதற்குள் தரகர் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடுவார்.

பெர்மனன்ட் ஆக ஒரே வழி, ஆசிரியர் தேர்வு வாரியம். 2019-ல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு நரைத்ததுதான் மிச்சம். 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள், ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்கள் என்று இன்னொரு அறிவிப்பு. தகுதித் தேர்வான ‘செட்’ கதையும் இதே. 2024 ஜூன் 7, 8 தேதிகளுக்கு ஹால்டிக்கெட் எடுத்து, ஊரிலிருந்து கிளம்பத் தயாராகும்போது ஒத்திவைப்புச் சேதி வந்தது. கடைசியில் நடந்தது 2025 மார்ச்சில். இந்த அறிவிப்புத் தேதிகளை வரலாறு சார் பாண்டியர் ஆட்சி ஆண்டுகளைவிட வேகமாக ஒப்பிக்கிறார்.

ஆகவே இவர்கள் எல்லோரும் ஆசிரியரும் மாணவரும் ஒருசேர. இரவு பத்து மணிக்கு மேல் கைபேசி வாட்ஸ்அப் குழுவில் வினாவிடை ஓடும். ஒருவர் கேள்வி போடுவார், நாலு ஊரிலிருந்து பதில் வரும். தப்பாகச் சொன்னவர் அடுத்த சம்பளத்துக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விருந்து எங்கே என்பதில் சர்ச்சையே இல்லை. செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டர். கேரளத்து லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கிற சாலையோரத்தில், சூடான பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, பிச்சுப்போட்ட கோழி ஒரு தட்டு நடுவில். சைவக்காரர் ஒருவர் எப்போதும் உடன் வந்து வெறும் பரோட்டாவும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு, பில்லில் சமபங்கு கொடுத்துவிட்டுப் புலம்புவார். ஐ.டி. வேலைக்குப் போன கூட்டாளிகள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்தால் அவர்களையும் கூட்டிப் போவதுண்டு. அன்றைக்கு மட்டும் பில் அவர்களுடையது. இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் கிடையாது என்று கணக்கு சார் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நாம் விடைபெறும் நேரத்தில் தமிழ் மேடம் ஒரு கடிதத்தின் நகலைக் காட்டினார். இரண்டாமாண்டு மாணவியரைத் திருக்குற்றாலச் சித்திர சபைக்கும் டி.கே.சி. நினைவிடத்துக்கும் ஒருநாள் அழைத்துப்போக அனுமதி கேட்டு எழுதியது. சபையின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, டி.கே.சி. நினைவிடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டைச் சொல்ல வேண்டும், கையில் தாள் இல்லாமல். நகரப் பேருந்தில் போனால் மாணவிகளுக்குச் செலவில்லை, சாப்பாடு அவரவர் டப்பா. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல்வர் ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார்: கடிதத்தில் அருவி என்ற சொல் எங்கும் வரக் கூடாது. மேடம் அந்த வரியை அடித்துவிட்டு, மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். “துண்டு கொண்டுவரச் சொல்லிட்டேன்” என்றார்.